நாமே செய்யும் வேதபாடப் புத்தகங்களை டேப்லெட்டில் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன சபையில் உபதேசியாராக இருந்தவர். கொடிவேரித் தண்ணீர் பாயும் வயலில் நெல்லும் மஞ்சளும் போட்டுக்கொண்டே, ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வேத வசனங்களுக்கு ஏழு நோட்டு நிறையக் குறிப்பு எழுதி வைத்தார். அந்த நோட்டுகளை நான் டேப்லெட்டில் படிக்கிற புத்தகமாகச் செய்து சபையில் கொடுத்த நாளிலிருந்து பெருந்துறை, சோமனூர், திருப்பூர், தாராபுரம் என்று எங்கெங்கிருந்தோ போன் வருகிறது, எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டோ பழைய அச்சுப் புத்தகமோ இருக்கிறது, கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஏனுங்க, ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கினால் போதாதா?

பத்திரப்படுத்தப் போதும். வேதபாடத்துக்குப் போதாது. எட்டு இஞ்ச் டேப்லெட்டில் முழுப்பக்க பிடிஎஃப்பைத் திறந்தால் எழுத்து எறும்பு ஊர்வது மாதிரித் தெரியும், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, அதில் "சங்கீதம் 1:3" என்று இருந்தால் அது வெறும் மைதான், தொட்டால் எங்கும் போகாது.

வேதபாட ஆப்புக்குள் போன புத்தகம் அப்படி இல்லை. எங்கள் வகுப்பில் முதல் சங்கீதம் படித்த அன்று ஒரு அக்கா "நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்டு" என்ற மூன்றாம் வசனத்தைத் தொட்டார், கீழே அப்பிச்சியின் குறிப்பு வந்து நின்றது. நீர்க்கால் என்றால் ஆறு இல்லை, ஆள் வெட்டிக் கொண்டுவந்த வாய்க்கால்; மரமும் தானாக முளைத்ததில்லை, ஒருவர் கொண்டுவந்து நட்டது; தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளைக் கேட்டுக்கொண்டு நாற்று விடுகிறவனுக்கு இது சொல்லாமலே விளங்கும் என்று எழுதியிருந்தார். எபிரெயத்தில் அங்கே இருக்கும் பெலெக் என்ற சொல்லுக்கும் வாய்க்கால் என்ற பொருள் உண்டு, அப்பிச்சிக்கு எபிரெயம் தெரியாது. இந்த மாதிரிக் குறிப்பை எந்த ஆப் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது, நாம்தான் செய்தாக வேண்டும். வசனமும் குறிப்பும் ஒரே திரையில் சேர்ந்து வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

எந்த ஆப்பில் நாம் செய்த புத்தகத்தைப் போட முடியும்?

ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் மைசோர்ட், ஆண்ட்பைபிள் இரண்டையும் சொல்வேன். இரண்டுமே இணையம் இல்லாமல் ஓடும். ஆண்ட்பைபிள் முழுக்க இலவசம், திறந்த மூல நிரல். மைசோர்டில் கூடுதல் வசதிகளுக்குத்தான் காசு, நம் வேலைக்கு இலவசப் பதிப்பே தாராளம். மைசோர்டுக்காகச் செய்த விளக்கவுரைக் கோப்பை ஆண்ட்பைபிளும் எடுத்துக்கொள்ளும் என்பதால் ஒரு தடவை உழைத்தால் இரண்டு இடத்தில் பலன்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இ-சோர்ட் என்ற வேதபாட மென்பொருள் 2000 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, பல பாஸ்டர்கள் அதில்தான் பழகியிருக்கிறார்கள். லோகோஸ் என்ற வேதபாட மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே பெர்சனல் புக் என்ற வசதி உண்டு. அதற்கு வேர்ட் கோப்பு வேண்டும், கட்டுகிற வேலையைக் கம்ப்யூட்டரில்தான் செய்ய முடியும்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மைசோர்ட் கோப்பின் பெயர் "மைபைபிள்" என்று முடியும். மைபைபிள் என்ற பெயரில் தனியாக இன்னொரு ஆப்பும் இருக்கிறது. இரண்டின் கோப்பு அமைப்பும் வேறு. பாதிப்பேர் "உங்கள் புத்தகம் திறக்கவில்லை" என்று எனக்குப் போன் செய்தது இதனால்தான்.

எங்களிடம் ஐபேட்தான் இருக்கிறது, என்ன செய்வது?

மைசோர்ட், ஆண்ட்பைபிள் இரண்டும் ஐபேடில் கிடையாது. எளிய வழி, புத்தகத்தை இபப் என்ற மின்னூல் கோப்பாகச் செய்து ஆப்பிள் புக்ஸில் திறப்பது. அங்கே வேதாகம ஆப்புக்குத் தாவும் வசதி கிடைக்காது என்பதால், வசனத்தின் முழு வாசகத்தையும் அடிக்குறிப்பாக இபப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள். குறிப்பு எண்ணைத் தொட்டால் வசனம் சின்னப் பெட்டியில் எழும்பி வரும். இபப் செய்ய கூகுள் டாக்ஸிலோ லிப்ரே ஆபீஸிலோ எழுதி அதிலிருந்தே இபப்பாக இறக்கிக்கொள்ளலாம், பிறகு சிகில் என்ற இலவச மென்பொருளில் திறந்து அடிக்குறிப்புகளைச் சரிசெய்யலாம். சென்னிமலையில் ஒரு தம்பி இப்படித்தான் தன் அப்பாவின் பிரசங்கக் குறிப்புகளைச் செய்தார், நன்றாகவே வந்திருக்கிறது.

புத்தகமாகச் செய்வதா, விளக்கவுரையாகச் செய்வதா?

இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், பாதி வழியில் மாற்றினால் செய்த வேலையெல்லாம் மறுபடி. ஆப்புக்குப் புத்தகம் என்றால் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கிற ஒன்று. விளக்கவுரை என்றால் வசனத்தோடு ஒட்டிக்கொண்டு, வேதாகமத்தை நகர்த்தும்போது கூடவே நகர்கிற ஒன்று. மைசோர்டின் விளக்கவுரைக் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சாதாரணப் பட்டியல்தான்: எந்தப் புத்தகம், எந்த அதிகாரம், எந்த வசனம் முதல் எந்த வசனம் வரை, அதற்கான குறிப்பு. எஸ்க்யூலைட் என்ற வகைக் கோப்பு அது, இலவசமாகக் கிடைக்கும் டிபி பிரவுசரில் திறந்து நேரடியாகவே நிரப்பலாம்.

சாட்சி, வாழ்க்கை வரலாறு, சபை வரலாறு, பாட்டுப் புத்தகம் இதெல்லாம் புத்தக வகை. வசன வாரியாக எழுதிய நோட்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், விளக்கவுரை. நான் முதலில் எல்லாவற்றையும் புத்தகமாகத்தான் செய்தேன், நோட்டில் இருந்த வரிசையை மாற்ற மனசு வரவில்லை. வகுப்பில் எல்லோரும் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பிச்சியின் குறிப்பை வேறு பக்கத்தில் தேடித் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் ஏழில் ஐந்து நோட்டுகளை விளக்கவுரையாக மாற்றினேன். மீதி இரண்டில் ஜெபங்களும் கலியாண, அடக்க ஆராதனைக் குறிப்புகளும் இருந்தன, அவை புத்தகமாகவே இருக்கின்றன.

வசன இணைப்புகளை எப்படிப் போடுவது? கையாலேயே எல்லாம் செய்ய வேண்டுமா?

பாதி கை, பாதி மெஷின். உழைப்பு முழுவதும் இங்கேதான் போகும், போகவும் வேண்டும்.

ஆப்புகள் வேதாகமப் புத்தகங்களை எண்ணால் அறியும். ஆதியாகமம் 1, சங்கீதம் 19, மத்தேயு 40, யோவான் 43, வெளிப்படுத்தின விசேஷம் 66. மைசோர்டில் சங்கீதம் 1:3க்கு இணைப்பு கொடுக்க 19.1.3 என்ற எண் போக வேண்டும். ஆங்கிலப் பெயர்களைத் தானாகக் கண்டுபிடிக்கிற மென்பொருள்கள் "சங்." என்று தமிழில் எழுதினால் கண்டுகொள்ளாது, ஆகவே தமிழ்ப் பெயரை எண்ணாக மாற்றுவது நம் பொறுப்பு. லிப்ரே ஆபீஸில் கண்டுபிடித்து மாற்றும் பெட்டியிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும்.

அதில் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்தேன். "யோவான்" என்று வரும் இடத்தையெல்லாம் 43 என்று மாற்றினேன். அப்பிச்சி 1 யோவான் 3:16ஐ நிறைய இடத்தில் எடுத்திருக்கிறார், அவர் நமக்காகத் தம்முடைய ஜீவனைக் கொடுத்ததினாலே அன்பு இன்னதென்று அறிந்தோம் என்கிற வசனம். இணைப்பைத் தொட்டால் எல்லாம் யோவான் 3:16க்குப் போனது. அங்கேயும் அன்பைப் பற்றித்தான் வசனம் இருப்பதால் மூன்று மாதம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சரி, 1, 2, 3 யோவானை முதலில் மாற்றுவோம் என்று வரிசையைத் திருப்பினேன், அப்போதும் தீரவில்லை. ஏனென்றால் மாற்றிய பிறகும் கண்ணுக்குத் தெரிகிற "1 யோவான் 3:16" என்ற எழுத்து அங்கேயே கிடக்கிறது, இரண்டாம் சுற்றில் அதற்குள் இருக்கும் "யோவான்" மறுபடி மாட்டிக்கொள்கிறது. தீர்வு இதுதான்: எண்ணோடு வரும் புத்தகங்களை முதலில் எங்கும் வராத ஒரு அடையாளமாக, உதாரணத்துக்கு 1 யோவானை அதன் எண்ணான 62ஐக் கொண்டு #62# என்று மாற்றி வைத்துவிடுங்கள், மற்ற எல்லாப் புத்தகங்களும் முடிந்தபின் கடைசியில் அந்த அடையாளங்களை இணைப்பாக்குங்கள். சாமுவேல், ராஜாக்கள், நாளாகமம், கொரிந்தியர், தெசலோனிக்கேயர், தீமோத்தேயு, பேதுரு எல்லாவற்றுக்கும் இதே முறை.

அப்புறம் சுருக்கங்கள். "யோ." என்று மட்டும் இருந்தால் அது யோசுவாவா, யோபுவா, யோவேலா, யோனாவா, யோவானா? எபேசியரும் எபிரெயரும் அதே கதை. இந்த இடங்களில் மெஷினை நம்பாதீர்கள், அதிகார எண்ணைப் பார்த்தே பாதியைக் கழித்துவிடலாம். யோ. 38 என்றால் யோபு மட்டும்தான் இருக்க முடியும், மற்ற எதிலும் அத்தனை அதிகாரம் இல்லை. எபே. 11 என்று யாராவது எழுதியிருந்தால் அது எபி. 11 என்பதன் கைப்பிழை, எபேசியரில் ஆறு அதிகாரம்தான்.

"ரோமருக்கு எழுதின எட்டாம் அதிகாரத்தில்" என்று வாக்கியத்துக்குள் வருவதைக் கையால்தான் செய்ய வேண்டும். தினமும் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் சுமை தெரியாது.

டைப் செய்து வாங்கிய கோப்பை டேப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் குப்பையாய் வருகிறதே?

அது பாமினி மாதிரியான பழைய ஃபாண்டில் அடித்தது. அந்தக் காலத்து ஃபாண்டுகளில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தின் எண். ஃபாண்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும், டேப்லெட்டில் அந்த ஃபாண்ட் இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வருகிறது. எங்களுக்கும் ஒரு டைப்பிங் சென்டரில் 140 பக்கம் இப்படித்தான் அடித்துக் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே "யுனிகோடில் வேண்டும்", அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் வேண்டும், என்று சொல்லியிருந்தேன், "அதெல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். ஒன்று இல்லை. 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே ஜூன் மாதத்தில் தமிழக அரசே யுனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. இனி காசு கொடுக்கும் முன் ஒரு சொல்லை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், தமிழாகவே ஒட்டினால் யுனிகோட்.

ஏற்கெனவே இருக்கும் கோப்பை என்எச்எம் கன்வர்ட்டர், சுரதா போன்ற மாற்றிகளில் போட்டு மாற்றிவிடலாம், மறுபடி அடிக்கத் தேவையில்லை. நடுவில் நிஜ ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றை முதலில் பிரித்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவையும் தமிழ்க் குப்பையாகும். மாற்றிய பின் வசன எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய ஃபாண்டுகளில் நிறுத்தற்குறிகளின் விசைகளிலும் தமிழ் எழுத்தை வைத்திருந்தார்கள், அதனால் அதிகாரத்துக்கும் வசனத்துக்கும் நடுவிலுள்ள முக்காற்புள்ளி வேறொன்றாக மாறிப் போயிருக்கலாம்.

கையெழுத்து நோட்டை எப்படி எழுத்தாக்குவது?

அச்சுப் புத்தகம் என்றால் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் எழுத்தாக வந்துவிடும், தமிழுக்கு ஓரளவு நன்றாகவே செய்கிறது. கையெழுத்துக்கு அது சரிப்படாது. நாங்கள் செய்தது, என் சின்னம்மா நோட்டைப் பார்த்து வாசிக்க, போனில் குரல் தட்டச்சு அதை எழுத்தாக்கியது. அப்பிச்சியின் கையெழுத்து பெற்ற பிள்ளைகளுக்குத்தான் சரளமாகப் படிக்க வரும். கிருபாசனம், பிராயச்சித்தம், தேவரீர் போன்ற சொற்களில் குரல் தட்டச்சு தடுமாறும், அவற்றை மட்டும் பின்னால் திருத்திக்கொண்டோம். நோட்டில் அடித்துத் திருத்தியதை, ஓரத்தில் எழுதியதை விட்டுவிடாதீர்கள். ஓரக்குறிப்புகளை நான் சாய்வெழுத்தில் போட்டிருக்கிறேன்.

தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் அந்தச் சொல் புத்தகத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. ஏன்?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே வேறாக இருக்கும். கொம்பும் காலும் சேர்ந்த "ொ" ஒரே எழுத்தாகவும் இருக்கலாம், கொம்பு தனி கால் தனி என இரண்டாகவும் இருக்கலாம். கால் "ா"வுக்குப் பதிலாக ரகரம் விழுந்திருக்கலாம், "ௌ" குறியின் பின்பகுதிக்குப் பதிலாக ளகரம் உட்கார்ந்திருக்கலாம். படத்திலிருந்து எடுத்த எழுத்தில் இவை அதிகம். ஒரு தடவை கண்டுபிடித்து மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இன்னொன்று, இரட்சிப்பு என்றும் ரட்சிப்பு என்றும் ஒரே மனிதர் ஒரே நோட்டில் எழுதியிருப்பார். மூலத்தை மாற்றாமல் விட்டுவிட்டு, தேடும்போது "ட்சிப்பு" என்று தேடச் சொல்லுங்கள். "கிருபை"க்குப் பதில் "கிருப" என்று தேடினால் கிருபையும் கிருபையினாலேயும் கிருபாசனமும் சேர்ந்தே வரும்.

வசனங்களை முழுசாகப் போடலாமா? உரிமைப் பிரச்சினை வருமா?

வேதாகம ஆப்புக்குள் என்றால் இணைப்பு மட்டும் போதும், வசனம் அங்கேயே இருக்கிறது. இபப்பில் முழு வாசகம் வேண்டுமென்றால் 2019இல் வந்த இந்தியத் திருத்தப் பதிப்பின் தமிழ் வாசகத்தை எடுங்கள், அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. பதிப்பின் பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றம் செய்து வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், இவைதான் முக்கிய நிபந்தனைகள்.

மற்ற நூல்களுக்கு, நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 வருடம் உரிமை உண்டு. 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியார், 1900இல் மறைந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஆகிய கிறிஸ்தவக் கவிஞர்களின் பாடல்களைத் தாராளமாகப் போடலாம். வீரமாமுனிவரின் தேம்பாவணி, பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்கும் மதுரைத் திட்டத்தில் யுனிகோடிலேயே கிடைக்கிறது. இப்போது கடையில் விற்கும் விளக்கவுரையை ஸ்கேன் செய்து ஆப்பில் போட்டுக் குழுவில் பரப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், வேதபாடத்துக்கு என்றாலும் அது எழுதியவர் கூலியை எடுப்பது.

தாத்தாவின் நோட்டு என்றாலும் உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் சேர்ந்தது. நான் மூன்று மாமாமார்களிடமும் அம்மாவிடமும் சின்னம்மாவிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் வெளியே கொடுத்தேன். பெரிய மாமா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தார், நோட்டுகளை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுத் தருகிறேன் என்றார். அது நியாயம்தான்.

கத்தோலிக்கத் திருவிவிலியத்துக்கும் இதே எண் முறை வருமா?

66 வரையான எண்கள் சீர்திருத்த சபைகளின் பட்டியல். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள். தோபித்து, சீராக் போன்றவற்றுக்கு ஒவ்வொரு ஆப்பும் ஒவ்வொரு ஏற்பாடு வைத்திருக்கும், அந்த ஆப்பின் விவரப் பக்கத்தைப் பார்த்தே எண் கொடுக்க வேண்டும். பெயர்களும் மாறும், நாம் ஆதியாகமம் என்பதை அவர்கள் தொடக்க நூல் என்பார்கள். கருமத்தம்பட்டியிலிருந்து பேசிய ஒரு ஆசிரியைக்கு இரண்டு பெயர்களையும் ஒரே எண்ணுக்கு இழுக்கும் பட்டியல் ஒன்று செய்து கொடுத்தேன், இரண்டு சபையாரும் சேர்ந்து படிக்கும் இடங்களில் அது உதவும்.

கோப்பை டேப்லெட்டில் போட்டேன், ஆப்பில் தெரியவில்லை.

பெரும்பாலும் மூன்று காரணம். வாட்ஸ்அப்பிலோ வேறெங்கோ வரும்போது கோப்பின் பெயர் மாறியிருக்கும். மைசோர்டில் பெயரின் வால் இரண்டு துண்டு, முதல் துண்டு புத்தகமா விளக்கவுரையா என்பதைச் சொல்கிறது, அதில் ஒரு எழுத்து மாறினாலும் ஆப் கண்டுகொள்ளாது. இரண்டாவது, ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரு ஆப்பின் கோப்புறைக்குள் வெளியிலிருந்து நுழைவதைக் கட்டுப்படுத்திவிட்டார்கள், பழைய வீடியோக்களில் காட்டுவது போலக் கோப்பை நகர்த்தி ஒட்ட முடியாது, ஆப்புக்குள் இருக்கும் இறக்குமதி வசதி வழியாகவே கொடுங்கள். மூன்றாவது, ஆப்பை மூடித் திறக்காமல் இருப்பது.

எவ்வளவு இடம் பிடிக்கும்? விலை கூடிய டேப்லெட் வேண்டுமா?

வேண்டாம். யுனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். பக்கத்துக்கு 1,500 குறியீடு என்று வைத்தால் 300 பக்கப் புத்தகம் ஒன்றரை எம்பிக்குள் அடங்கிவிடும். ஸ்கேன் பிடிஎஃப்பாக இருந்த எங்கள் ஒரு நோட்டே நூறு எம்பியைத் தாண்டியது. நினைவகத்தைவிடத் திரை அளவைப் பாருங்கள், பெரியவர்களுக்குப் பத்து இஞ்ச் இருந்தால் வசனம் மேலேயும் குறிப்பு கீழேயுமாக வசதியாக இருக்கும். எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எழுத்தை மிகப் பெரிதாக வைத்துக் கொடுத்திருக்கிறோம், திரையில் ஆறேழு வரிதான் தெரியும், அவருக்கு அது போதும்.

பிழை கண்டுபிடித்தால் எல்லோருக்கும் எப்படித் திருத்திக் கொடுப்பது?

மூலக் கோப்பு ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும், திருத்தம் அங்கே மட்டும் நடக்க வேண்டும். டேப்லெட்டில் இருக்கும் கோப்பை நேரடியாகத் திருத்த ஆரம்பித்தால் ஊருக்கு ஒரு பதிப்பு சுற்றும். விவரப் பக்கத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். நான் பிழைகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுக் கோப்பு அனுப்புகிறேன், பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடச் சொல்லிவிடுவேன். ஒன்று எச்சரிக்கை: நீக்கும் முன், யாராவது அந்தப் புத்தகத்தில் சொந்தக் குறிப்போ வண்ணக்கோடோ போட்டிருந்தால் ஆப்பில் காப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

முழு நோட்டையும் தட்டச்சு செய்துவிட்டு அப்புறம் ஆப்பில் போடலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரே ஒரு பக்கம் எடுங்கள், நாலைந்து வசனக் குறிப்பு உள்ள பக்கம். அதை யுனிகோடில் அடித்து, இணைப்பு கொடுத்து, விளக்கவுரைக் கோப்பாக்கி, டேப்லெட்டில் போட்டு, ஒவ்வொரு வசனத்தையும் தொட்டுப் பாருங்கள். சரியான இடத்துக்குப் போனால் அதே டேப்லெட்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த பக்கத்தை அதற்குப் பிறகு அடிக்கலாம்.